நேர்முகத்துக்குப் புத்தகம் இல்லை

இஞ்சேரும்,

நேற்றுப் பின்னேரம் உம்முடைய புத்தகப் பெட்டியைக் கராஜிலிருந்து இறக்கினேன். மூடியைத் திறந்ததும் சந்தன வாசம் வந்தது. மூன்று வருடமாகியும் போகவில்லை. ஹெலன்ஸ்பர்க் கோயில் ஐயர் பூசிய சந்தனம் அது. உலகத்தில் வேறெந்தச் சந்தனமும் இப்படி நின்று பிடிக்காது என்று பக்கத்தில் நின்ற பிள்ளைக்குச் சொன்னேன். அவளும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், "ஓம் அங்கிள், கற்பூரமும் மணக்குது" என்றாள்.

அவள் ஒரு சிவில் இஞ்சினியர். ஊரில் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்தவள், இங்கே டண்டினொங்கில் கோழித் தொழிற்சாலையில் நிற்கிறாள். பதிவுப் பரீட்சை எடுக்கப் போகிறாளாம். "அன்ரி ஒரே தரத்தில எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணினவவாம். அவவின்ர புத்தகம் எண்டா ராசியாம், எல்லாரும் சொல்லுகினம்" என்று வந்து நின்றாள். பெட்டியோடு கொடுத்துவிட்டேன். எதை முதலில் படிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று புத்திமதியும் சொன்னேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். பள்ளிக்கூடம்தான் எனக்கு விடை கொடுத்தது என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இஞ்சினியர்மாருக்குப் புத்தகம் தெரிவு செய்து கொடுப்பதில் இந்த விக்டோரியா மாநிலத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

நீர் இருந்திருந்தால் இந்த இடத்தில் குசினிக்குள்ளிருந்து ஒரு செருமல் வந்திருக்கும். நேற்று வரவில்லை. அவளுடைய கார் திரும்பிப் போனபிறகும் நான் அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

நீர் அந்தப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை முடித்து வந்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னீர்: "ஒரு வரைபடத்தில திரும்பவும் என்ர கையெழுத்தை வைக்கவேணும். அவ்வளவுதான்." பதிவு இல்லாதவர் இங்கே கையெழுத்து வைக்க முடியாது. நீர் பேராதனையில் படித்ததும், வன்னியில் வீதித் திணைக்களத்தில் வேலை பார்த்ததும் இங்கே படுக்கை விரிப்பு மடிக்கத்தான் உதவின.

நான் அடுத்த நாளே ஊரைக் கூட்டிவிட்டேன். கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே, அந்தக் கிடங்கு முழுவதையும் நான்தான் நடத்துகிறேன் என்று எல்லோரையும் நம்பவைத்திருந்த காலம் அது. "என்ர மனிசி இஞ்சினியர், பரீட்சைக்குப் படிக்கப் போறா" என்று சொல்லச் சொல்லப் புத்தகங்கள் வந்து குவிந்தன. சென்னையில் அச்சடித்த தலையணை மாதிரி ஒன்று. நியூஜெர்சியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி அனுப்பிய ஒரு பெட்டி. அவன் அதைப் படித்துத்தான் அங்கே லைசென்ஸ் எடுத்தவன். நீர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினீர்.

"இதில எல்லாம் அடியும் இறாத்தலும், இங்க மீற்றரும் கிலோவும். அமெரிக்காவில பாலம் கட்ட நல்லது."

"கணக்கு எங்கயும் கணக்குத்தானே?"

"கணக்கு ஒண்டுதான். விழுந்தா ஆரைப் பிடிக்கிறது எண்ட சட்டம் வேற."

பிறகு ஒரு சொல் சொன்னீர், அதை நான் இன்றைக்கும் என்னுடைய சொல் மாதிரி எல்லோருக்கும் சொல்லித் திரிகிறேன்: "புத்தகம் தேடுற காலம் படிக்கிற காலத்தைத் திண்டுபோடும்."

எனக்கு அது அப்போது ஏறவில்லை. டூங்கபியில் ஒருவர் இருக்கிறார், மெல்பேர்னில் இதே பரீட்சையைப் பாஸ் பண்ணிவிட்டுச் சிட்னிக்குப் போனவர் என்று கேள்விப்பட்டேன். பாஸ் பண்ணினவரின் கை பட்ட புத்தகம்! எங்களுடைய ஆட்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணன் சித்தியடைந்த புத்தகத்தைத் தம்பிக்கும், தம்பியினதை மச்சானுக்கும் கொடுத்துக் கொடுத்து வளர்ந்த சனம் நாங்கள். உமக்குச் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு சிட்னிக்கு ஓடினேன். பெற்றோலுக்குக்கூட நிற்காமல் ஓடினேன் என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். திரும்பும் வழியில் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் பெட்டியைப் பெருமாளுக்கு முன்னால் வைத்து, உம்முடைய பெயருக்கு அருச்சனையும் செய்வித்தேன்.

நீர் பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த விதிப்புத்தகத்தை எடுத்தீர். கொங்கிறீற்றில் எதை எப்படிக் கட்ட வேண்டும் என்று நாடு போட்டிருக்கிற விதிகள். முதல் பக்கத்தைப் பார்த்தீர். சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினீர். "நல்ல புத்தகம்" என்றீர். பிறகு, "சனிக்கிழமை எனக்கு ஒருக்கா சிற்றிக்குப் போகவேணும்" என்றீர்.

மெல்பேர்ன் சிற்றியில் அந்தப் பெரிய நூலகத்தில், வெளியே கொண்டுபோகக் கூடாத அலுமாரியில், அதே விதிப்புத்தகம் வேறு அட்டையோடு இருந்தது. நீர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பென்சிலால் பழையதின் ஓரத்தில் எழுதத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

"நான் கொண்டுவந்தது பழசா?"

"ஓம். போன வருசம் மாத்திப்போட்டினம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"பெருமாளே அருச்சனை வாங்கிக்கொண்டு தந்த புத்தகம். நான் எப்பிடி அதைப் பழசு எண்டுறது?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர். புதியது எங்களுக்கு எட்டாத விலை. ஆனால் அதற்காக மட்டும் நீர் அப்படி எழுதவில்லை என்று பிறகு சொன்னீர்: "எது மாறினது எண்டு கையால எழுதேக்கதான் ஏன் மாறினது எண்டு விளங்குது."

அந்த வருடத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் போயின. டண்டினொங்கில் ரயில் ஏறும்போது புட்டும் சம்பலும் என்னுடைய மடியில், புத்தகம் உம்முடைய மடியில். நீர் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, நான் வாசலில் காவல் நிற்கும் மனிதரோடு கதைப்பேன். "மை வைஃப் றைட்டிங் புக்" என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். அடுத்த கிழமை அவர் உமக்குக் கதவைத் திறந்து, எழுத்தாளர் அம்மாவின் புத்தகம் எப்போது வெளிவரும் என்று கேட்டார். நீர் என்னைப் பார்த்த பார்வை! ஆனால் அவரிடம், "இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனீர்.

எழுத்துப் பரீட்சையில் நீர் தேறியபோது டண்டினொங் முழுக்க லட்டுக் கொடுத்தேன். முழுக்க இல்லை, எங்களுடைய வீதியும் கிடங்கும். அடுத்தது நேர்முகம். நான் உடனே, "அதுக்கு என்ன புத்தகம் வேணும் சொல்லும், எங்க எண்டாலும் போய்க் கொண்டு வாறன்" என்றேன்.

"அதுக்குப் புத்தகம் இல்லை. நான் செய்த வேலையைப் பற்றித்தான் கேப்பினம்."

உம்முடைய வரைபடங்கள் எல்லாம் யுத்தத்தில் வன்னியோடு போய்விட்டன. மிச்சம் உம்முடைய தலைக்குள் இருந்ததுதான். அந்த மாதத்தில்தான் உமக்கு நோய் என்றும் சொன்னார்கள். மருந்து ஏற்றிவிட்டு வந்து இரண்டு நாள் படுப்பீர். மூன்றாம் நாள் எழும்பி, "வாங்கோ, என்னைக் கேள்வி கேளுங்கோ" என்பீர். இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தீர். நான் கலியாணக் கோட்டைப் போட்டு, ரையும் கட்டி, குசினிக் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

"ரெல் அஸ்," என்று தொடங்குவேன்.

"எக்சாமினர் சேர் கறிச்சட்டியைப் பாக்காமல் என்னைப் பாத்துக் கேளுங்கோ."

நீரே பொறுப்பாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லும் என்பது கேள்வி. நீர் இங்கிலீஷில் சொல்லி முடித்தீர். "எக்சாமினருக்கு விளங்கேல்லை. தமிழில சொல்லாட்டி பெயில்" என்றேன். நீர் மருந்தில் முடி கொட்டிய தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னீர்.

"ஒரு வாய்க்காலுக்கு மேல பாலம். சீமெந்துக்குத் தடையான காலம். ரெண்டு லொறி விலத்திப் போற மாதிரித்தான் கீறினது. சீமெந்து வந்து சேந்தது அரைவாசி. மழைக்கு முதல் திறக்கவேணும் எண்டு எல்லாரும் நெருக்கிச்சினம். கலவையில மண்ணைக் கூட்டி அகலமாக் கட்டு, ஆருக்குத் தெரியப்போகுது எண்டு மேலிடத்திலயும் சொல்லிச்சினம். நான் மாட்டன் எண்டிட்டன். அகலத்தை அரைவாசியாக்கினன். கலவையில கை வைக்கேல்லை. சனம் எனக்குக் 'கஞ்சப் பால அம்மா' எண்டு பேர் வைச்சுது."

"எந்த இடத்தில?" என்று கேட்டேன். இடத்தைச் சொன்னீர்.

மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினேன். உம்மைக் காண்பதற்கு முன்னால் வவுனியாவிலிருந்து நான் லொறி ஓடிய வீதி அது. இதில் கூட்டல் ஒன்றும் இல்லை. மழை நாளில், நெல் மூட்டையோடு, எதிரில் வருகிறவன் போகும்வரை காத்து நின்று, அந்தப் பாலத்தைக் கட்டியவனைத் திட்டாமல் நான் ஒருநாளும் கடந்ததில்லை.

"எந்த விசரன் கட்டினது எண்டு திட்டினனான்!"

"விசரி," என்று திருத்தினீர். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு, "பாரத்தோடதானே போனீங்கள்? ஆடினதோ?" என்று கேட்டீர்.

"ஆடேல்லை."

நீர் தலையை ஆட்டிக்கொண்டீர். பரீட்சை எழுதி முடித்தவர் பேனையை வைப்பதுபோல் கையை மேசையில் வைத்தீர்.

பதினைந்து வருடம் உம்மோடு குடும்பம் நடத்தியவன் நான். கண்ட கண்ட இடத்திலெல்லாம் என்ர மனிசி இஞ்சினியர் என்று சொன்னேன். என்ன கட்டினீர் என்று கேட்க எனக்குக் கோட்டும் ரையும் போட வேண்டியிருந்தது.

நேர்முகத் திகதி மருந்து ஏற்றுகிற கிழமையில் வந்து விழுந்தது. நீர் போக வேண்டும் என்றீர். "இருந்துகொண்டே பதில் சொல்லலாம். என்னை நிக்கவைச்சுக் கேக்க மாட்டினம்." உம்முடைய விருப்பம்போலச் செய்யலாம் என்றுதான் டொக்டரும் சொன்னார். நான்தான், "உடம்பு தேறினாப் பிறகு சிங்கம் மாதிரிப் போவம்" என்று சொல்லி, நானே போன் எடுத்துத் தள்ளிப்போட்டேன். நீர் சண்டை பிடிக்கவில்லை. "புதுத் திகதி எப்ப?" என்று மட்டும் கேட்டீர். சொன்னேன். போர்வைக்கு வெளியே இருந்த கையில் விரல்விட்டு மாதங்களை எண்ணினீர். பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டீர்.

சக்கரநாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து தூக்கிக்கொண்டே போயிருப்பேன். அந்த ஒரு காலைப்பொழுது எனக்குத் திரும்பக் கிடைக்காது.

புதுத் திகதி வந்தபோது வீட்டில் உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தாள், நல்ல தன்மையான குரல். உம்முடைய பதில் முழுவதும் எனக்குப் பாடம். வாய்க்கால், சீமெந்து, மழை, அகலம் எல்லாம் தெரியும். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இங்கிலீஷில் எனக்கு வந்தது "சொறி" மட்டும்தான்.

ஆகவே அந்தப் பதிலைக் கேட்ட ஒரே எக்சாமினர் நான்தான். என்னுடைய வாயைப் பற்றி உமக்குத் தெரியும். நான் பிடித்த மீன் வருடத்துக்கு வருடம் வளரும். நான் ஓடிய லொறிக்கு இப்போது பதினெட்டுச் சில்லு. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நாலு பேர் சுற்றி நிற்க, "அங்கிள், அன்ரி வன்னியில பெரிய பாலம் ஒண்டு கட்டினவவாமே?" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். வேறு கதை என்றால் அதற்குள் நாலு தூணும் ஒரு ரயில் பாதையும் வைத்திருப்பேன்.

"சின்னப் பாலம்," என்றேன். "ஒரு லொறிதான் போகும். எதிரில வாறவன் நிண்டு வழி விடவேணும்."