எல்லோரும் அடங்கும் திரை

அன்புள்ள அம்மாவுக்கு நெவேனாவின் முத்தங்கள். உன் முட்டிவலியும் அப்பாவின் இருமலும் தேவலையா? பிளவ்தீவ் நகர விடுதியில் நான் நலம்.

விளக்கணைத்தபின் போர்வைக்குள், புது மடிக்கணினியின் வெளிச்சத்தில், தாளில் எழுதுகிறேன். அதில் தட்டினால் சத்தம் கேட்கும். விடுதி அம்மாள் பிடுங்கிக்கொள்வார். பயமாகத்தான் இருக்கிறது.

மடிக்கணினி பெரிதாக இருக்கிறது, சனிக்கிழமை கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. பைக்குள் அடங்கவில்லை, பாட்டுச் சத்தமும் சன்னம்தான். ஆனால் பாட வேலைக்குக் குறையில்லை. இதுவரை என்னோடு பேசாத ஸ்வெதினா முதல் நாள், "என்னடி, வீட்டுக் கதவக் கழட்டிட்டு வந்துட்டியா?" என்றாள். நேற்று படம் போட்டதும், "தள்ளி உக்காருடி மலைக்காரி" என்று என் கட்டிலில் ஏறிக்கொண்டாள். இன்னும் இருவர் வந்தார்கள். நால்வருக்கும் திரை நன்றாகத் தெரிந்தது. கட்டில் கால்தான் முறிந்தது, யாருக்கும் அடியில்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டாமென்று அப்பாவிடம் நீ சொல். கம்பளிக் காலுறையும் ஒரு புட்டி லூதெனிட்சா மிளகாய்த் தொக்கும் அனுப்பு. என் போனில் ஒரு முகம்தான் தெரியும். ஞாயிறன்று வீடியோவில் பேசும்போது உன் போனைப் படுக்கைவாட்டில் வைத்துவிட்டு, அடுப்படி பெஞ்சில் எல்லோரும் உட்காருங்கள், நாயும்தான். இந்தத் திரையில் அடங்குவீர்கள்.

காலடிச் சத்தம் கேட்கிறது, மூடுகிறேன்.
உன் நெவேனா