இருபது டிகிரி

1997 மார்ச் 4, செவ்வாய்

கெப்ஹார்டின் ஷாஃப்டுகள் இன்றும் ஆறு மைக்ரான் அதிகப் பருமன். பதினொன்றில் ஒன்பது ரிஜெக்ட். அளவறைச் சீட்டில் கையெழுத்திட்டேன். இருபத்தாறு வருடமாகக் கிரைண்டிங் மெஷினில் நிற்பவர். என்ன ஆயிற்று அவருக்கு?

மார்ச் 7, வெள்ளி

ஃபோர்மேன் நேகெலே அவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். ஒன்பது மணி இடைவேளையில் ஒருவனின் கேலி: "பெருசு, அட்டைப்பெட்டிக்கு மைக்ரான் பார்க்க வேண்டாம்ல?"

கெப்ஹார்ட் ப்ரெட்ஸெல் ரொட்டியைப் பிய்த்தபடி என்னிடம் சொன்னார்: "என் மைக்ரோமீட்டர்ல சரியாத்தான் தெரியுது, இர்மேலா. அப்போ கண்ணு போச்சுன்னுதானே அர்த்தம்? டாக்டர்கிட்ட போக பயமா இருக்கு. இனி ஓட்ட வேண்டாம்னு மோட்டார் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துட்டேன்."

மார்ச் 11, செவ்வாய்

எழுத வரவில்லை.

அவருடைய ரிஜெக்ட் ஷாஃப்ட் ஒன்று போன வாரத்திலிருந்து மேஜை ஓரத்தில் கிடந்தது. ஏதோ நினைப்பில் எடுத்து அளந்தேன். சரியான அளவு. ஸ்கிராப் பெட்டியை வரவழைத்து இருபதை அளந்தேன். இருபதும் சரி.

அளவறை எப்போதும் இருபது டிகிரி. அரைத்த இரும்பு இங்கே நாலு மணி நேரம் ஆறிய பிறகே அளக்க வேண்டும், சூட்டில் பருத்திருக்கும். மெஷின் பக்கத்திலேயே அதே சூட்டில் இருக்கும் அவருடைய மைக்ரோமீட்டரில் அது தெரியாது. மாலை ஷிஃப்டின் ஷாஃப்டுகள் மறுநாள் காலைவரை ஆறுகின்றன. அவருடையவை மதியம் வரும். ஜனவரியில் நான் வீட்டுக்குப் போகும் ரோய்ட்லிங்கன் பஸ்ஸின் நேரம் மாறியது. மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க, அவருடையவற்றை வந்த கையோடு அளந்தேன். தொட்டுப் பார்த்தால் சூடு தெரியவில்லையே என்று—

நானா? பத்தொன்பது வருஷமா இதே வேலையில இருக்குற நானா?

மார்ச் 12, புதன்

நேகெலேயிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "அம்மா தாயே, வாயைத் திறக்காதே. அந்த ஆளு பேக்கிங்ல நல்லாத்தான் இருக்கான். நீ சரின்னு அனுப்பினது மட்டும் என்ன லட்சணம்னு கஸ்டமர் கேப்பான். என்ன சொல்லுவே?"

கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

இடைவேளையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். கெப்ஹார்ட் கேட்டது ஒன்றுதான்:

"அப்போ என் கண்ணு?"

"அதுல ஒண்ணுமில்ல. தப்பு என்னுது."

திட்டியிருக்கலாம். மீதி ப்ரெட்ஸெலை எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்குப் போய்விட்டார்.

மார்ச் 24, திங்கள்

மெஷினுக்குத் திரும்பிவிட்டார். காலையில் அரைத்த ஆறு ஷாஃப்டுகளை ஆறிய பின் அளந்தேன். ஆறும் சரி. ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அளவறைக்கு வந்து நின்றார்.

"இன்னொரு தடவை பாரு."

"சரியா இருக்கு, கெப்ஹார்ட்."

"பாருன்னா பாரு."

பார்த்தேன். மூன்றாவது முறையும் அளந்து, அளவை அவருக்கே காட்டினேன். தலையாட்டினார். போகவில்லை.