சோதிக்க வேண்டாத ஞாயிறுகள்

அப்பா,

பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்க அம்மா புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, என் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நோட்டு கையில் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கறை. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். காகித வாசனைதான் வந்தது. ஆனால் அது உங்கள் கட்டைவிரல் என்று எனக்குத் தெரியும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் தோசைக்கல்லின் எண்ணெய் உங்கள் கையை விட்டுப் போனதில்லை.

அந்தப் பக்கத்தின் தலைப்பு, 'அப்பாவிடம் சோதிக்க வேண்டியவை'. தமிழ் டீச்சர் 'சோதிக்க' என்பதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'கேட்க' என்று எழுதியிருக்கிறார். கீழே இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றுக்கு டிக் அடித்திருக்கிறேன்.

டீச்சர் திருத்தியது சரிதான். மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது. இந்த மலையாள ஊரில் பள்ளியிலும் பஸ்ஸிலும் அப்படியே பேசிப் பேசி, எழுத்திலும் வந்துவிட்டது. ஆனால் உங்களிடம் கேட்பதும் உங்களைச் சோதிப்பதும் எனக்கு ஒன்றாகவே இருந்த காலம் உண்டு.

நீங்களும் அம்மாவும் பிரிந்து, நானும் அம்மாவும் வலியசாலையில் ஓர் அறைக்கு வந்த முதல் வருடம் அது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னைக் கிழக்கேகோட்டைக்குக் கூட்டி வருவாள். நீங்கள் தோசை மாஸ்டராக இருந்த ஹோட்டலுக்கு எதிரே, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொள்வாள். சாலையைத் தாண்ட மாட்டாள்.

"நீ போயி சொல்லு. செலவுக்கு வேணும்னு சொன்னா மதி, அது போதும்."

அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி நான் மட்டும் தாண்டி, ஹோட்டலின் பின்வாசலுக்கு வருவேன். "மாஸ்டரே, மோளு வந்நு" என்று, மகள் வந்ததை யாராவது உள்ளே குரல் கொடுத்துச் சொல்வார்கள். நீங்கள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வருவீர்கள்.

"சாப்பிட்டியா மக்ளே?"

நான் அதற்குப் பதில் சொல்லாமல், அம்மா சொல்லச் சொன்னதைச் சொல்வேன். சில வாரம் கொடுத்தீர்கள். சில வாரம், "அடுத்த வாரம் பாப்போம்னு உங்கம்மைட்ட சொல்லு" என்றீர்கள். எது நடக்கும் என்று தெரிந்துகொள்ள, உங்கள் முகத்தைப் பார்க்கும் முன் சட்டைப்பையைப் பார்க்கப் பழகியிருந்தேன். இதை உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

ஒருநாள் உங்கள் பக்கத்தில் பரோட்டா போடும் அண்ணன், "மாஸ்டருக்க வட்டிக்காரி வந்தாச்சு" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நீங்களும் சிரித்தீர்கள். திரும்பிச் சாலையைத் தாண்டும்போது, அடுத்த சனிக்கிழமை நீங்கள் அங்கே இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா, தையல் கடையில் உடன் வேலை பார்த்த ஒரு சேச்சி சொல்லி, இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போய், என் செலவுக்குப் பணம் கேட்டு மனு கொடுத்தாள். குடும்ப நீதிமன்றத்தின் மாடிப்படியில் நீங்கள் நின்ற நிலை எனக்கு நினைவிருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை. கையில் மடித்த காகிதம்.

"எம் பிள்ளைக்குக் குடுக்க எனக்கு கோர்ட்டு சொல்லணுமாக்கும்?"

"பின்ன யாரு சொன்னா கேப்பீங்க?" என்றாள் அம்மா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

உள்ளே கவுன்சிலர் ஒருவர் இருந்தார். உங்கள் இருவரிடமும் நெடுநேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மோள்க்கு எந்தா வேண்டது?" என்று கேட்டார். ஃபீஸ், கண்ணாடி, புத்தகம் என்று நான் சொல்வேன் என எல்லோரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "எனிக்கு சோதிக்கான் போகண்டா."

கேட்கப் போக எனக்கு வேண்டாம். அவ்வளவுதான் சொன்னேன். உங்களுக்கு அது எந்த மொழியில் கேட்டதோ தெரியவில்லை. மடித்த காகிதத்தை இன்னும் சிறியதாக மடித்தீர்கள். பிறகு கையெழுத்துப் போட்டீர்கள். மாதாமாதம் தொகை நேராக அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் உங்களோடு இருப்பேன் என்று முடிவானது.

முதல் ஞாயிறு எவ்வளவு கஷ்டமாக இருந்தது. தெருமுனையில் நின்றிருந்தீர்கள். கோட்டைவரை நடந்தோம், குளத்துப் படியில் உட்கார்ந்தோம். கேட்க எதுவும் இல்லாதபோது உங்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கு எழுதி எடுத்து வந்தேன். நீங்கள் நோட்டை வாங்கித் தலைப்பைப் படித்தீர்கள்.

"சோதிக்கவா? எனக்கே பரீச்சையா மக்ளே?"

"மலையாளத்துல சோதிக்கிறது."

"அப்படின்னா பாஸாயிருவேன்" என்றீர்கள். கறை அன்றைக்குப் பட்டதுதான்.

ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு கேட்டேன். வள்ளியூரிலிருந்து இந்த ஊருக்கு வந்த முதல் நாள் பயந்தீர்களா? பயந்ததாகவும், யாரோ மிரட்டுகிறார்கள் என்று நினைத்தால் அவர் 'ஊணு கழிச்சோ' என்று சாப்பாட்டைத்தான் விசாரித்தார் என்றும் சொன்னீர்கள். கல் காய்ந்தது எப்படித் தெரியும்? தண்ணீர் தெளித்தால் துளி ஓட வேண்டும், நின்று கொதித்தால் பொறுக்க வேண்டும் என்றீர்கள். ஒரு வருடத்தில் உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்கு முன் ஒரே வீட்டில் இருந்தபோதுகூடத் தெரிந்ததில்லை.

ஹோட்டலைப் புதுப்பிக்க இரண்டு மாதம் மூடினார்களே, அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே தொடங்கினீர்கள்.

"இந்த மாசம் கொறச்சுத்தான் போட்டிருக்கேன். கோர்ட்டுல போயி எழுதிக் குடுத்தேன். தெரியும்லா?"

"தெரியாது."

"உங்கம்மை சொல்லலியா?"

"அம்மா அதெல்லாம் எங்கிட்ட சொல்றதில்லப்பா."

நீங்கள் குளத்துப் பக்கம் திரும்பினீர்கள். துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள். வியர்வை என்று நினைத்தேன். அன்றைக்கு உங்கள் சட்டைப்பையை நான் பார்க்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சென்ற மாதம் வகுப்பில் குடும்பம் பற்றிய பாடம் வந்தது. பிரிந்த பெற்றோர் பிள்ளைகளுக்குத் தரும் ஜீவனாம்சத்தைப் பற்றி டீச்சர் சொன்னபோது, என் பக்கத்தில் இருந்த அனகா, கோர்ட்டு சொன்னதால் வரும் காசு அப்பா தருவதாகுமா என்று மெல்லக் கேட்டாள். மாடிப்படியில் நீங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஆகும் என்று சொன்னேன். ஃபீஸ் நேரத்துக்குக் கட்ட முடிந்தது, அம்மா ஞாயிற்றுக்கிழமையும் தைக்க வேண்டியிருக்கவில்லை, அதெல்லாம் உண்மை. ஆனால் அவளிடம் நான் சொன்னது வேறு. காசு வந்து சேர ஒரு வழி இருந்ததால், நான் வழியாக இருக்க வேண்டியதில்லாமல் போயிற்று. மகளாக மட்டும் இருக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு கோர்ட்டு ஒரு நேரம்தான் குறித்தது. பத்து நிமிடம் முன்னாலேயே வந்து தெருமுனையில் நின்றது நீங்கள்.

போன வருடம், மழை தொடங்கும் முன், மாவு கலக்கிக்கொண்டிருந்தபோதே உங்களுக்கு நெஞ்சு வலி வந்து எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்திரண்டாவது கேள்வி அப்படியே நின்றுவிட்டது. உங்களுக்கு வலிக்குமோ என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தேன்: 'நீங்களும் அம்மாவும் முதலில் எங்கே பார்த்துக்கொண்டீர்கள்?'

இன்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அந்த பஸ் ஸ்டாப்புலதான். நான் அப்ப நேமத்துல இருந்தேன். கடை விட்டு வந்து நிப்பேன். உங்கப்பா ரோட்டைத் தாண்டி வந்து, 'நேமம் பஸ் போயாச்சா'ன்னு கேட்டாரு."

"அப்பாவும் நேமமா?"

"எங்க? தங்கியிருந்ததே அந்த ஹோட்டல் மாடியில. தெனமும் வந்து கேட்டாரு." அம்மா சிரித்தாள். பிறகு முந்தானையால் புத்தகத் தூசியைத் தட்டினாள். தூசி இல்லாத புத்தகத்திலும் தட்டினாள். "எப்பவும் அவருதான் தாண்டி வருவாரு."

சனிக்கிழமைகளில் அம்மா ஏன் சாலையைத் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்றாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

நோட்டை மட்டும் புத்தகக் கட்டில் சேர்க்காமல் வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டுக்கு டிக் அடித்தேன். உங்கள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. எழுதினேன்:

இருபத்து மூன்று. நேமத்தில் உங்களுக்கு என்ன வேலை, அப்பா?