காரணம் சொல்லாத வாக்கு

மார்ச் 3
விருதுக் குழுவிலிருந்து கட்டு வந்தது. ஆண்டின் சிறந்த செய்திக் கட்டுரை. இறுதிச் சுற்றில் இரண்டு. ஒன்று, ஆற்றில் கலக்கும் சாயக் கழிவு பற்றியது. மற்றது, கடவுளே, அந்த மாலைப் பத்திரிகையின் ‘மேயரின் இன்னொரு வீடு’! பன்னிரண்டு பகுதிகள். நாற்பது வருடம் ஒரு பெரிய பத்திரிகையின் செய்தி மேசையில் பிழை பார்த்தவன் இதையும் பென்சிலோடு படிக்க வேண்டுமாம்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். “நாங்கல்லாம் அப்பவே படிச்சாச்சு மாமா. ஏழாவது பகுதிதான் சூப்பர்.”

மார்ச் 5
ஏழாவது. மேயரோடு உறவு என்று அவர்கள் எழுதும் பெண் பால்கனியில் நிற்கும் படம் அரைப் பக்கம். குடிநீர்க் குழாய் ஒப்பந்தம் மேயரின் மைத்துனருக்குப் போன விவரம், நகலோடு, அடியில் நாலே வரி. மேயர் பதவி விலகியது அந்த நாலு வரியால்தானே? எரிச்சலாக வருகிறது.

மார்ச் 8
கூட்டம். பேராசிரியை, “படுக்கையறைய எட்டிப் பாக்கறதுக்கு விருதா?” என்றார். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, அவர் விடவில்லை. “எல்லாரும் வாய மூடிட்டு இருந்தப்ப இவங்கதானம்மா எழுதினாங்க? பெரிய பத்திரிகைங்க என்ன பண்ணிட்டிருந்துச்சு?” என்னைப் பார்த்துக் கேட்டார். தண்ணீர் குடித்தேன். இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. எனக்கு எப்போதும் இதே தொல்லை.

மூவரில் மிச்சம் என் வாக்கு. ஒரு வாரம் கேட்டேன். “சாருக்குத் தன் ஓட்டுக்கே புரூஃப் பாக்கணும்” என்றார் நீதிபதி. சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 11
ஒவ்வொரு தகவலாக விசாரித்து, கீழே டிக் போட்டு வருகிறேன். தேதி, தெரு, கார் எண், எல்லாம் சரி. பாவிகள், ஒரு பிழைகூட விடவில்லை! கொடுத்துவிட வேண்டியதுதானோ?

மார்ச் 12
ஒன்றுக்குத்தான் டிக் இல்லை: ஒப்பந்த நகல் உண்மையானதா? அந்தப் பெண் மாநகராட்சியின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்தவள். தயங்கித் தயங்கி அவளுக்கே போன் செய்தேன். நகல் என்று ஆரம்பித்ததும் அவள் குரல் மாறியது.

“நான்தான் குடுத்தேன்னு உங்ககிட்டயும் சொல்லிட்டாங்களா?”

நான் அதைக் கேட்கவே இல்லை.

“உறவு இருந்தது உண்மைதான் சார். அத எழுதறதுக்கா குடுத்தேன்? குழாய் விஷயத்த மட்டும் எழுதறோம், உங்க பேர், படம் எதுவும் வராதுன்னு சத்தியம் பண்ணினாங்க.” அழுதாள். “ஆபீஸ் காகிதத்த எடுத்தது நான்னு தெரிஞ்சா ஜெயில்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

செய்தி கொடுத்தவளையே விற்றிருக்கிறார்கள். இதற்கு விருதா? சீ.

மார்ச் 13
காரணத்தை எழுதிப் பார்த்தேன்; எப்படி எழுதினாலும் அவளைக் காட்டிக்கொடுக்கிறது, கிழித்துப் போட்டேன்.

மார்ச் 15
‘இன்னொரு வீடு’ வேண்டாம், சாயக் கழிவுக்கே என்று வாக்களித்தேன்.

“ஒரு தப்பக் காட்டுங்க சார்.”

“தகவல்ல தப்பு இல்ல.”

“பின்ன?”

“எனக்கு... சரியாப் படல.”

“பொறாமைன்னு சொல்லிட்டுப் போங்களேன்” என்றார் நீதிபதி. பேராசிரியை என் கையைப் பிடித்து, ஒழுக்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பாராட்டினார். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 17
மாலைப் பத்திரிகை, முதல் பக்கம்: ‘காரணம் சொல்லத் தெரியாத கிழவர்’. வயதில் இரண்டு கூட்டிவிட்டார்கள்.

“உண்மையிலேயே காரணம் இல்லையா மாமா?” என்றாள் மருமகள்.

“இல்லம்மா.”

அவள் நம்பவில்லை. நல்லவேளை, மேலே கேட்கவும் இல்லை.

மார்ச் 20
அடுத்த ஆண்டு முதல் நான் குழுவில் இல்லை என்று கடிதம்.

பகல் பதினோரு மணிக்கு மாலைப் பத்திரிகையின் நிருபர் வாசலில். நல்ல பேச்சுக்காரன். “உங்க தரப்பச் சொல்லுங்க சார். பேர் போட மாட்டோம். சத்தியமா.”

வந்தவர்களை உட்காரச் சொல்லாமல் அனுப்பியதில்லை நான். இன்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.

இந்த நோட்டை இனி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். பத்து வருடமாகப் பூட்டாத அலமாரி. சாவி எங்கே இருக்கிறதோ, தேட வேண்டும்.