இன்னொரு செம்பு தண்ணீர்

குசினித் தட்டில் செம்பு கவிழ்த்தபடி இருக்கிறது, ராத்தா. நேற்று மத்தியானம் ஒருத்தி வந்து என் வாசல் படலையடியில் நின்று தண்ணீர் கேட்டாள். அவள் குடித்துவிட்டுத் தந்த செம்பைக் கழுவிக் கவிழ்த்தேன். இப்போது விடிந்து தேத்தண்ணி வைக்க வந்தவள், அடுப்பைப் பற்றவைக்காமல் அதையே பார்த்தபடி குந்தியிருந்து இதை எழுதுகிறேன். வந்தவள் யார் என்று பிறகு சொல்கிறேன். நான் ஒரு விஷயத்தை முன்னுக்குப் பின்னாகச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "தலையில இருந்து சொல்லுங்கோ சாந்தி, வாலைப் பிடிச்சு இழுக்காதீங்கோ" என்பீர்கள். சரி, தலையிலிருந்தே சொல்கிறேன்.

நீங்கள் மௌத்தாகிப் போன நேரம் நான் கொழும்பில் இருந்தேன். குளிரூட்டின அறை, நீள மேசை, கழுத்துப்பட்டி கட்டின ஆட்கள். நமது நிறுவனத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றித் தலைவிகள் இருவரும் வந்து பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உங்களுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் ஏலாது என்று நான் மட்டும் போனேன். வீட்டுக்குள் நடக்கிற அடிதடியைத் தடுக்க மன்னாரில் இரண்டு பெண்களாக எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டார்கள். நான் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள். கைபேசி சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. நான் உங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த பொழுதில்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். நெஞ்சு வலி என்றார்களாம், அவ்வளவுதான்.

உங்கள் ஆட்கள் உடலை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் பஸ் ஏறி மன்னாரில் வந்து இறங்குமுன்பே ஜனாஸாவை அடக்கிவிட்டார்கள். வீட்டில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகள் என் கையைப் பிடித்து, "உம்மாட முகம் பாக்கேல்லையே அன்ரி" என்று அழுதாள். "ஓம்" என்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வராததற்கு நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகு நம் நிறுவனக் கந்தோருக்குப் போகவில்லை. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் போன் எடுத்தால் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. ஒன்றுமே இல்லை, அதுதான் வருத்தம். தோட்டவெளியில் இந்த வீட்டில் விடிகிறது, பொழுது படுகிறது. சோறு வாய்க்குள் போகிறது, உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. பொறுப்பை யாரிடமாவது கொடுத்துவிட்டு இப்படியே இருந்துவிடலாம் என்று முடிவும் எடுத்துவிட்டேன். துக்கத்தில் எடுத்த முடிவு என்று நினைக்காதீர்கள். துக்கம் வந்திருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

கொழும்பில் நான் சொன்ன கதை பாதிதான். முழுதும் உங்களுக்குத் தெரியும், என்றாலும் சொல்கிறேன்.

சண்டை ஓய்ந்து, துரத்தப்பட்டுப் போயிருந்த நீங்கள் புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வந்திருந்த காலம். நான் பெருநிலத்து வயற்காரி, இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்கு உங்கள் ஆட்களின் முறை தெரியாது, உங்களுக்கு எங்கள் ஆட்களின் முறை தெரியாது. ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பெரிய எழுத்தில் பலகை மாட்டினோம். ஒரு குருவிகூட வரவில்லை. யார் வருவாள்? அந்தப் பலகைக்குக் கீழே ஒருத்தி நின்றால் வீட்டில் அடி வாங்குகிறாள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். "நாங்களே ஊருக்குப் பறை அடிச்சுச் சொல்லுறம் சாந்தி" என்று நீங்கள்தான் கதிரையைப் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினீர்கள். அவர்கள் நம்மிடம் வரமாட்டார்கள் என்றால் நாம்தான் போக வேண்டும். ஆனால் என்ன சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுப் படலையைத் திறப்பது?

அதற்கு வழி காட்டியது வெயில்தான். முள்ளிக்குளம் போகிற ரோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து நா வறண்டு, ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். உண்மையான தாகம், வேறு எண்ணம் இல்லை. உள்ளேயிருந்து வந்த பெண் செம்பை இடது கையால் நீட்டினாள். உங்கள் வீடாக இருந்தால் என்ன, எங்கள் வீடாக இருந்தால் என்ன, எந்தத் தாய் பிள்ளைக்கு அப்படிப் பழக்கியிருப்பாள்? நீங்கள் வாங்கிக் குடித்தீர்கள். நான் அவளுடைய மற்றக் கையைப் பார்த்தேன். அது சேலைத் தலைப்புக்குள் அசையாமல் இருந்தது. ரோட்டுக்கு ஏறியதும் இருவரும் ஒரே நேரத்தில், "அது அடிபட்ட கை" என்றோம்.

அதுதான் நம் வேலையாகிப் போனது. ஒரு வீட்டில் சத்தம் கேட்கிறது என்று யாராவது சொன்னால், வெயில் ஏறினபிறகு போய்த் தண்ணீர் கேட்பது. எந்தக் கோபக்காரனும் தண்ணீர் இல்லை என்று சொல்ல மாட்டான். கொண்டு வருவது வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும். அவளால் வர முடியாவிட்டால் அதுவும் ஒரு செய்திதான். தனியே போவதில்லை என்று பேசிக்கொண்டோம். நீங்கள் கேட்டுக் குடிப்பீர்கள், நான் பார்ப்பேன். குடிக்கிற ஆளின் கண் செம்புக்குள் போய்விடும் என்று நான் ஒருநாளும் குடித்ததில்லை. ஆட்களைப் பெயர் சொல்லியும் கதைக்க மாட்டோம், படலையைச் சொல்லித்தான் கதைப்போம். இங்கேயும் பெயர் எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. "பொய் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில நிக்கிறது எனக்குக் கூச்சமா இருக்கு ராத்தா" என்றேன். நீங்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தாகம் பொய்யோ? இந்த வெயிலுக்க ஆருக்கு அம்மா தாகம் இல்ல?" என்றீர்கள். சண்டை பிடிக்கவாவது ஒரு சாட்டு விட மாட்டீர்களே!

பிறகு அந்த நோன்பு மாதம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம் வர வேண்டும். வரவில்லை, சும்மா நினைவு வருகிறது.

முசலிப் பக்கம், நீலப் படலை வீடு. உங்கள் ஆட்களின் ஊர். காலையிலிருந்து ஒரே கூக்குரல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனோம். படலையைப் பிடித்துக்கொண்டு புருஷன்காரன் நின்றான். நீங்கள் பழக்கதோஷத்தில், "தம்பி, ஒரு செம்பு தண்ணி தருவீங்களோ?" என்று கேட்டுவிட்டீர்கள். நோன்பு மாதம், நடுப்பகல், முக்காடு போட்ட பெண்பிள்ளை! நெற்றியில் பொட்டோடு நான் ஒருத்தி பக்கத்தில் நிற்கிறேன், என்னைக் கேட்க விட்டிருக்கலாம். எனக்கு உயிர் போய் வந்தது. அவன் உங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன ராத்தா, உங்களுக்கு நோன்பில்லையோ?"

நீங்கள் கண்ணை இமைக்கவில்லை. "இண்டைக்கு எனக்கு இல்ல, தம்பி" என்றீர்கள்.

அதற்கு மேல் எந்த ஆண்பிள்ளை கேட்பான்? அவன் முகம் சுருங்கித் தலையைக் குனிந்துகொண்டான். மாதத் தொல்லை நாட்களில் உங்கள் பெண்களுக்கு நோன்பு இல்லை, உங்களுக்கோ அது எப்போதோ நின்றுபோன வயது. வெட்கத்தில் அவனுக்கு வயதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. உள்ளே பார்த்து, "தண்ணி கொண்டா" என்று கத்திவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றான்.

அவள் வந்தாள். இடது கை. உதடு வெடித்திருந்தது. நீங்கள் படலையடியிலேயே குந்தி, பிஸ்மி சொல்லி, அந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. விடியுமுன் சஹர்ச் சாப்பாடு முடித்து, மனதில் நிய்யத்து வைத்துப் பிடித்த நோன்பு என்று எனக்கு மட்டும் தெரியும். குடித்து முடித்துச் செம்பை நீட்டினீர்கள். "இன்னொரு செம்பு தருவீங்களோ, பிள்ளை?" என்று கேட்டு, அவள் குனிந்தபோது காதுக்குள், "எங்களோட வாறதெண்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு வா" என்றீர்கள்.

இரண்டாம் செம்போடு அவள் வந்தபோது இடுப்பில் கைக்குழந்தை இருந்தது, காலில் செருப்பு இருந்தது. நீங்கள் அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு குடித்தீர்கள், பிறகு என் மேல் சரிந்தீர்கள். "தம்பி, எனக்குத் தலை சுத்துது. உங்கட பொஞ்சாதி பஸ்ஸடி மட்டும் என்னைப் பிடிச்சுக்கொண்டு வரட்டும்." தெருவே பார்க்கும்போது, மயங்கி விழப்போகிற தாய் வயதுக்காரிக்கு அவன் எப்படி இல்லை என்பான்? நாம் நடந்தோம். பஸ் வந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

பஸ்ஸில் ஏறி இருந்து முக்காட்டைச் சரிசெய்தீர்கள். பிறகு, "எண்ட நோன்பு போச்சே சாந்தி" என்றீர்கள். கண் நிறைந்திருந்தது. கொஞ்சம் தூரம் போனதும் உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கு நோன்பு வாய்க்கு மட்டும்தான் போல, கைக்கு இல்ல" என்றீர்கள். உங்களைப் பற்றி ஊரில் கதைத்தார்கள், தெரியும். நீங்கள் ஒருவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. பெருநாள் முடிந்தபிறகு ஒருநாள் அந்த நோன்புக்குப் பதிலாக இன்னொரு நோன்பு பிடித்துக் கழாச் செய்தீர்கள். உங்களோடு நானும் பட்டினி கிடந்தேன். மண்டை பிளந்தது. பொழுது பட்டதும் நம் இரண்டு பேருக்கென்று நோன்புக் கஞ்சி காய்ச்சினீர்கள். இஞ்சியும் தேங்காய்ப்பாலுமாக அந்தக் கஞ்சியின் ருசி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நேற்றுக் காலை என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

நீலப் படலைக்காரி பிறகு அவனிடமே திரும்பிப் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இதுக்கோ ராத்தா நீங்கள் நோன்பை விட்டது?" என்று குதித்தேன். "போகட்டும். படலை எங்களுக்குத் தெரியும்தானே" என்றீர்கள். மறுபடியும் போனோம். மறுபடியும் தண்ணீர் கேட்டோம். கடைசியில் அவளாகவே ஒருநாள் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். இந்தப் பகுதியைக் கொழும்பில் சொல்லவில்லை. கை தட்ட வசதியாக இருக்காது.

இப்போது நமக்குப் பெரிய கந்தோர், வாகனம், கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சட்டமெல்லாம் தெரியும். ஆனால் வாகனம் தெரு முனையில் திரும்பும்போதே வீடுகள் கப்சிப் ஆகிவிடும். தண்ணீர் கேட்டுப் போனவர்கள் கடைசிவரை நாம் இருவர்தான். தனியே போவதில்லை என்பது நாமே வைத்த முறை. நீங்கள் இல்லையென்றால் அது முடிந்த வேலை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நேற்று மத்தியானம் படலைத் தாழ் தட்டும் சத்தம். "அக்கா, ஒரு செம்பு தண்ணி தருவீங்களோ?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முச்சந்தியில் கடை இருக்கிறதே, அங்கே கேட்டால் என்ன? எழும்பிப் போய்க் குடத்திலிருந்து வார்த்துக்கொண்டு வந்தேன். படலைத் தூணை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது, செம்பை இடது கையால் நீட்டியிருக்கிறேன். அவள் வாங்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை, வாராத தலையை, கசங்கின உடுப்பைப் பார்த்தாள். கருவாட்டு மணம் அடித்தது. அப்போதுதான் எனக்கு ஆள் பிடிபட்டது. நீலப் படலைக்காரி. இப்போது கீரிப் பக்கம் மகளோடு இருக்கிறாள், வீடு வீடாகக் கருவாடு விற்கிறாள்.

குந்தி, பிஸ்மி சொல்லி, ஆறுதலாகக் குடித்தாள். செம்பை நீட்டி, "இன்னொரு செம்பு தருவீங்களோ?" என்றாள்.

ராத்தா, எத்தனை வீட்டு வாசலில் அதைக் கேட்டிருக்கிறோம்! என் வாசலில் ஒருத்தி கேட்பாள் என்று நினைத்தோமா? "எனக்கு ஒண்டுமில்ல, நீ போ பிள்ளை" என்றேன். அவள் போகவில்லை.

"ஒரு வீடு இருக்கு அக்கா. நான் கருவாடு குடுக்கிற வீடு. எப்பவும் மருமகள்தான் வந்து வாங்குவா. இப்ப கொஞ்ச நாளா ஆளை வெளிய காணேல்ல. தனியப் போகக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் காலில் செருப்பு இருந்தது. மனம் தெளிந்து போனேன் என்று எழுத மாட்டேன். கால் போனது, நானும் போனேன்.

அந்தப் படலையடியில் அவள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். வேலி ஓரம் ஆடு ஒன்று நிழலைத் தேடி நின்றது. மாமியார்க்காரி வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தாள். நான் சும்மா நின்றேன். நான் பார்க்கிற ஆள்தானே, கேட்கிற உங்கள் குரல் இப்போது வரும் என்று நின்றேன். வரவில்லை. அது இனி வராது என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. நீலப் படலைக்காரி என் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா, ஒரு செம்பு தண்ணி தருவீங்களோ?" என்று நான் கேட்டேன்.

"இந்த வெயிலுக்க எங்க போட்டு வாறீங்கள்? பிள்ளை, தண்ணி கொண்டா" என்று கிழவி உள்ளே குரல் கொடுத்தாள்.

கொஞ்சம் சுணங்கித்தான் அந்தப் பிள்ளை வந்தாள். இடது கையால் செம்பை நீட்டினாள். பார்க்கிற வேலையை நீலப் படலைக்காரி எடுத்துக்கொண்டாள். கேட்டவள் குடிக்க வேண்டும். குந்தியிருந்து, அண்ணாந்து குடித்தேன்.

உவர், ராத்தா. நல்ல உவர். நம் தீவின் கிணற்றுத் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? நாக்கில், தொண்டையில், நெஞ்சில் இறங்கும்வரை உவர்த்தது. இத்தனை நாளுக்குப் பிறகு வாயில் ஒரு ருசி தெரிந்தது, கண்ணிலிருந்தும் கன்னத்தில் ஏதோ இறங்கியது, துடைக்கவில்லை. வெறும் செம்பை அந்தப் பிள்ளையிடம் நீட்டி, முகத்தைப் பார்த்து, "இன்னொரு செம்பு தருவீங்களோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

பொய்க்குக் கேட்கவில்லை, ராத்தா. எனக்கு அவ்வளவு தாகமாக இருந்தது.