பதினாலு நடக்கிறது

ஹனோவர்
மார்ச் 1971

சிரஞ்சீவி கிரிஜாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனசுதான் சரியில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது, ஹாஸ்டலில் வெந்நீர் தருகிறார்களா என்று உடனே எழுது. இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை, உன் அப்பா மஃப்ளரை லேபிலேயே மறந்து விட்டுவிட்டு வருகிறார், சொன்னால் கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வருகிறது.

அப்பாவோடு லேபில் இருக்கிற நபீலைப் பற்றி முன்பே எழுதினேனே, பாலஸ்தீனத்துப் பையன், நம் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பானே, அவன் தம்பி சமீரை ஊரில் இஸ்ரேல் ராணுவம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஜீப் மேல் கல் எறிந்தானாம். விசாரணையில் பெற்றவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை, குழந்தைக்கு வாசிக்கத் தெரியாத ஹீப்ரூவில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். ஜட்ஜும் பட்டாளத்துக்காரர்தான். பதினாலு நிறையாதவனுக்குத் தண்டனை குறைவாம், பிறப்புச் சான்று சண்டையில் வீட்டோடு போய்விட்டதால் வயசைக் குடும்பத்தாரே இங்கிலீஷில் எழுதித் தரச்சொல்லி வக்கீல் கேட்டார். ஊரில் வீட்டாருக்கு எழுத வராது, நபீலுக்கோ இங்கிலீஷ் தகராறு, உன் அப்பா எழுதிக் கொடுத்தார். பதிமூன்று, ஜூனில் பதினாலு என்று அவன் ஜெர்மனில் சொல்ல, இந்த மேதாவி ஜோசியரிடம் சொல்கிற மாதிரி நடக்கிற வயசைக் கணக்குப் பண்ணிப் பதினாலு என்றே எழுதிவிட்டார். அவனும் நம்பிக் கையெழுத்துப் போட்டான். குடும்பமே சொல்லிவிட்டதே என்று கோர்ட்டில் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவன் அம்மா இல்லை இல்லை என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறாள், உள்ளே விடவில்லை. ஒன்றரை வருஷம் ஜெயில்.

நபீல் ஒரு வார்த்தை திட்டவில்லை, இது இல்லாவிட்டால் வேறு ஒன்றைப் பிடித்திருப்பார்கள் சார் என்றானாம். அதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர்மேல் வந்த கோபம் எனக்கு அழுகையாகப் போய்விட்டது. தப்பு தப்புதான், ஆனால் காகிதத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தவர்கள் எதிரே நின்ற பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்திருக்கக் கூடாதா? நான் போட்டோ பார்த்தேன், மீசை அரும்பவில்லை, சட்டைக் கை விரலை மூடிக்கொண்டு தொங்குகிறது.

அந்தக் கோர்ட்டுக்கு மேல் அப்பீல் கிடையாதாம், கமாண்டருக்கு மனுதான் போடலாமாம். அப்பா எழுதி எழுதிக் கிழிக்கிறார். நீ சட்டம் படிக்கிறவள், உன் புரொபசரைக் கேட்டு நல்லபடியாக எழுதி அனுப்பு, இவர் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

எண்ணெய் தேய்த்துக் குளி, கண் விழித்துப் படிக்காதே. தீர்க்காயுசாக, சௌக்கியமாக இரு கண்ணே. மனுவை மட்டும் தள்ளிப்போடாதே. ஜூன் வந்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே பதினாலாகிவிடும்.

இப்படிக்கு
உன் அம்மா
வத்சலா