பசுவந்தனைக்குப் போகும் வழியில் மூன்று தீவுகள்

இன்று காலை காப்பிக்குச் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். உள்ளே அந்த நீளக்காம்புக் கரண்டி கிடந்தது. மருமகள் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டிலுள்ள மற்றக் கரண்டிகளோடு சேராத சாமான் அது. காம்பு ஒரு சாண் இருக்கும், வாய் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவுதான். நீ பார்த்திருந்தால், "ஏட்டி, இது எந்த ஓட்டல்ல சுட்டது?" என்று கேட்டிருப்பாய். சுடவில்லை. கிரேக்க நாட்டில், ஒரு தீவில், ஒரு அம்மாள் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தது. ஆமாம், போய்விட்டு வந்துவிட்டேன். தனியாகத்தான்.

நீ மருந்துச் சன்னலுக்குள்ளும் நான் வார்டுக்குள்ளுமாக, ஒரே ஆஸ்பத்திரியில் நம் காலம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்முடையது. நீ சர்ச்சில் பூசை முடித்து வருவாய், நான் சோறு பொங்கி வைத்துவிட்டு வருவேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிக்கொள்வோம். நாகலாபுரமோ ஓட்டப்பிடாரமோ பசுவந்தனையோ, எதுவானாலும் சரி. "அங்க பாக்க என்ன இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தார். "போய்ப் பாத்தாத்தான தெரியும் அண்ணாச்சி" என்று நீயும் அலுக்காமல் பதில் சொன்னாய்.

இறங்கின ஊரில் நீ செய்கிற முதல் வேலை எனக்கு அப்போது பிடிக்காது. வாசலில் ஆள் தெரிகிற வீடாகப் பார்த்து, "தண்ணி கெடைக்குமா?" என்பாய். என் பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும். அதைத் தொடமாட்டாய். தண்ணீருக்குக் குடமும் கையுமாக நிற்கிற ஊர்களில் போய் இப்படிக் கேட்கலாமா என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். "பாட்டில் தண்ணி தாகத்துக்குட்டி. கேட்டு வாங்குத தண்ணி பேச்சுக்கு" என்றாய். சொம்பை அண்ணாந்து ஊற்றிக் குடிப்பாய், ஒரு சொட்டுச் சிந்தாது. பிறகு, "இன்னும் கொஞ்சம்" என்பாய். இரண்டாம் தரம் கேட்டால்தான் கொடுத்தவர்களுக்கு மனசு நிறையுமாம். அதற்குள் நீ அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியாகி, யாருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பதுவரை விசாரித்திருப்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். அத்தனை வருஷமும் அதுதான் என் வேலை.

கிரேக்க நாட்டு ஆசையும் உன்னுடையதுதான். பைபிளில் கொரிந்து ஊர்க்காரர்களுக்கு எழுதின பழைய கடிதத்தைப் பூசையில் வாசிக்கக் கேட்டுக் கேட்டு, அந்த ஊரைப் பார்த்தாக வேண்டும் என்று பிடித்துக்கொண்டாய். "அம்புட்டு நீளமா எழுதியிருக்காவளே, அந்த ஊர்க்காரங்க ஒருத்தராவது பதில் போட்டாவளா?" பாஸ்போர்ட்டும் எடுத்தோம். கொரிந்தைப் பார்த்துவிட்டு அப்படியே தீவு தீவாகக் கப்பல் மாறிப் போவது, பிடித்த இடத்தில் இறங்குவது என்று திட்டம். "நம்ம டவுன் பஸ் மாதிரித்தான். என்ன, கரிசலுக்குப் பதிலா கடல்" என்றாய். அப்புறம் உன் வயிற்றுக் கட்டி வந்து எல்லாவற்றையும் முடித்தது.

கடைசி வாரத்தில் ஒருநாள், "நீ போயிட்டு வந்துருட்டி" என்றாய். "நீயில்லாம எனக்கென்ன அங்க சோலி?" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இத்தன வருசம் என்னயப் பாக்கவா பஸ் ஏறின?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உண்மையைச் சொன்னால், ஆமாம். உன்னைப் பார்க்கத்தான்.

அந்தக் கோபத்துக்காகத்தான் கிளம்பினேன். மகன், "குரூப் டூர்ல போங்கம்மா, புளிச்சோறும் தாராங்க" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். கொரிந்தில் வெயில் நம் ஊர் வெயில்தான். தூண்கள் கொஞ்சம் நின்றன, மற்றதெல்லாம் கல். அந்தக் கல்லுக்கு நடுவில் நின்று உன் கேள்வியைச் சத்தமாகவே கேட்டேன். பதில் யாரும் போட்டதாகத் தெரியவில்லை. பதில் வராத கடிதம் எழுதுவது இப்போது எனக்கும் பழகிவிட்டது.

பிறகு கப்பல். நாக்சோஸ் என்ற தீவில் ஒரு கோயில், கட்டி முடிக்காமலே விட்டதாம். பிரம்மாண்டமான கல்வாசல் மட்டும் கடலைப் பார்த்துத் தனியாக நிற்கிறது. பழக்கதோஷம், வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே சாமியும் இல்லை, கூரையும் இல்லை, கல் தோசைக்கல்லாகக் காய்கிறது. நான் ஒற்றைக் காலை மாற்றி மாற்றிக் குதித்ததைப் பார்த்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த தீவில் கடற்கரை. ஊரே துணியைக் குறைத்துக்கொண்டு வெயிலில் கிடக்க, நான் சுடிதாரோடு முழங்கால்வரை இறங்கி நின்றேன். தண்ணீர் அத்தனை தெளிவு, கால் நகம் தெரிந்தது.

எல்லாம் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாள் முழுவதும் ஒரு மனுஷரோடும் பேசவில்லை. டிக்கெட்டை விரல் காட்டி வாங்கினேன், ரொட்டியையும் விரல் காட்டியே வாங்கினேன். பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பார்த்ததும் பாதிதான். வந்ததுக்கு வந்தாயிற்று, திரும்பிவிடலாம் என்று மூன்றாவது தீவில் முடிவே செய்துவிட்டேன். அன்றைக்கென்று காற்று பிடித்துக்கொண்டது. கப்பல் வராது என்றார்கள்.

அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் மேட்டு ஊருக்கு நடந்தேன். வழியெல்லாம் காய்ந்த காடு, கல் அடுக்கின வரப்பு, முள். மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்கிற தொட்டிகள். மண்தான் கறுப்பில்லையே தவிர, வானம் பார்த்த பூமிதான். ஊருக்குள் போனபோது மத்தியானத் தூக்கத்தில் கடையெல்லாம் சாத்திக் கிடந்தது. என் பாட்டில் காலி. தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு வாசலில் என் வயதுள்ள ஒரு அம்மாள், குனிந்து தளக்கல் இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போய்விட்டேன். போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டினேன். ஒரு வாய் தண்ணீர் கேட்க அத்தனை கூச்சம். மூன்றாம் தரம் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி கெடைக்குமா?"

தமிழிலேதான் கேட்டேன், உன் இழுவையோடு, கையைக் குவித்து வாயருகே வைத்து. அவர் பிரஷைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நாற்காலி வந்தது, உயரமான கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வந்தது. உள்ளே ஒரு கரண்டி கிடந்ததை நான் கவனிக்கவில்லை. உன்னைப்போலத் தலையை அண்ணாந்து ஊற்றினேன். கரண்டி வந்து மூக்கில் அடித்தது. அதன் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளை மிட்டாய் உதட்டில் இடறி மடியில் விழுந்தது. அவர்கள் ஊரில் வெயிலில் வந்தவருக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம், பிறகு அவர் சைகையில் காட்டித்தான் புரிந்தது. தண்ணீரில் முக்கின இனிப்பு, கரண்டியைச் சப்பிச் சப்பித் தண்ணீரைக் குடிக்க வேண்டும். பசுவந்தனையில் மிளகாய்க்காரம்மா வீட்டில் கருப்பட்டித் துண்டும் சொம்புத் தண்ணீரும் தருவார்களே, அதேதான். அந்த அம்மாள் பயந்துபோய் என் மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். உன் சாவுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இரண்டாம் தரமும் தண்ணீர் கேட்டேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. பொழுது சாயும்வரை பேசினோம்.

இதோடு முடித்தால் பெருமையாகத்தான் இருக்கும். ஊருக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும், "தனியாவா போனிய, துணிச்சல்காரிதான்" என்றார்கள். ஆனால் நான் பசுவந்தனைக்குப் போகவில்லை. நீ போனதிலிருந்து ஒரு ஞாயிறுகூட அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. கிரேக்க நாட்டில் உன்னைப் பற்றிக் கேட்க யாருமில்லை. பசுவந்தனையில் அந்த மிளகாய்க்காரம்மா வீட்டில் கேட்பார்கள். எனக்குப் பயம் கப்பலிலும் இல்லை, காற்றிலும் இல்லை. அந்த ஒரு கேள்விதான் பயம்.

போன ஞாயிறு ஏறிவிட்டேன்.

களத்தில் மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தது. அந்தம்மா உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க. இங்கன காணவே இல்லியே! எங்க, கூட வருவாவளே அவிய, பின்னால வாராவளா?" என்று எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா. அவ தவறிட்டா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். மிளகாய்க் கை. "ஐயோ எரியுதே! தண்ணி, தண்ணி ஊத்துங்க!" என்று கத்தினார்.

என் பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. நீ இத்தனை வருஷம் தொடாத தண்ணீர். அவர் தலையைப் பிடித்துச் சாய்த்து, இரண்டு கண்ணிலும் ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். ஊற்றினேன். அவர் அழுததில் மிளகாய்க்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நானும் அழுதேன், என் கையில் மிளகாய் இல்லை. அப்புறம் கருப்பட்டியும் சொம்பும் வந்தன. கடைசிப் பஸ் வரும்வரை உன்னைப் பற்றியே பேசினோம். பேசினதில் பாதிக்குமேல் நான்தான் பேசினேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

இன்றும் ஞாயிறு. கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டிருக்கிறேன், அந்தம்மாவிடம் காட்ட வேண்டும். பாட்டிலையும் நிரப்பிவிட்டேன், யாருக்காவது ஊற்ற வேண்டியிருக்கும். எனக்கு வேண்டிய தண்ணீரை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.